தோப்புக்குள் பதினோரு சுற்று
தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இலஞ்சியிலிருந்து ஒரு திறந்த மடல்

மக்களவையில் எங்களுக்காக அமர்ந்திருக்கும் 39 பேருக்கும், மாநிலங்களவையில் அமர்ந்திருக்கும் 18 பேருக்கும்:

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை ஏழு மணிக்கு, இலஞ்சியில் என் தென்னந்தோப்புக்குள் பதிவு எண் இல்லாத ஒரு காரைப் பதினோரு சுற்று ஓட்டினேன். உங்கள் அவைகள் 1988இல் இயற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, பதிவாகாத வண்டியைப் பொது இடத்திலும் ஓட்டக் கூடாது, வேறு எந்த இடத்திலும் ஓட்டக் கூடாது என்கிறது. அந்த ‘வேறு எந்த இட’த்தில் என் தோப்பும் சேருமா என்று தென்காசியில் ஒரு வக்கீலிடம் கேட்டேன். அடைத்த வளாகத்துக்குள் மட்டும் ஓடுவதற்கென்றே அமைத்த வண்டி, சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனமே கிடையாது. அப்படி வாதாடிப் பார்க்கலாம் என்றார். அந்த வாதம் எனக்கு வேண்டாம். என் வண்டி மட்டை பொறுக்கக் கட்டியதல்ல, ரோட்டுக்குக் கட்டியது. ரோட்டுக்கு வர அதற்கு நீங்கள் ஒரு வாசல்கூட வைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எனக்கு வயது 66. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ‘இந்த வயசில் இதெல்லாம் தேவையா’ என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. என் வீட்டில் கேட்டு முடித்துவிட்டார்கள்.

எழுபதுகளின் கடைசியில் சென்னையில் படித்துக்கொண்டிருந்தபோது சோழவரம் பந்தயத்துக்குப் போனேன். உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. வெளிநாட்டிலிருந்து இறக்கிய கார்களைப் பார்க்கத்தான் கூட்டம் முண்டியடிக்கும். என் கண் போனது ‘ஸ்பெஷல்’ என்று சொன்ன கார்கள்மீது. நம்மூர் ஹெரால்டு, ஃபியட் கார்களின் எஞ்சினையும் அச்சையும் கழற்றி, நம்மூர் பட்டறையில் குழாயை வளைத்து, தகடு தட்டி ஆட்கள் தாங்களே கட்டிய வண்டிகள். அதில் ஒன்றுக்குக் கதவு இல்லை, கூரை இல்லை, முன்சக்கரங்கள் வெளியே நின்றன. பக்கத்திலிருந்தவர், “இது லோட்டஸ் செவன் மாதிரி செஞ்சது தம்பி” என்றார். அன்றைக்குப் பிடித்தது.

லோட்டஸ் செவன் என்பது 1957இல் இங்கிலாந்தில் காலின் சாப்மன் கொண்டுவந்த இரட்டை இருக்கை வண்டி. உதிரிகளாகவே வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்ளலாம். பூட்டும் முறையை அச்சடித்துக் கொடுத்தால் வரி விழும் என்பதால், கழற்றும் முறையை அச்சடித்துக் கொடுத்ததாகவும், வாங்கியவர்கள் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துப் பூட்டியதாகவும் ஒரு கதை உண்டு. 1973இல் அதன் உரிமை கேட்டர்ஹாம் என்ற நிறுவனத்துக்குப் போனது, இன்றும் செய்கிறார்கள். அதைவிடப் பல மடங்கு நகல்கள் உலகமெங்கும் ஓடுகின்றன. 1996இல் ரான் சாம்பியன் என்பவர், பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றைப் பிரித்து, சதுரக் குழாய் வாங்கி, 250 பவுண்டு செலவில் இப்படியொரு காரைக் கட்டுவது எப்படி என்று புத்தகமே எழுதினார். வெல்டிங் தெரிந்த யாரும் படித்துச் செய்யலாம்.

வெல்டிங் தெரிந்தவர்கள் கோயம்புத்தூரில் எத்தனை பேர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

2018 செப்டம்பரில் அங்கே ஒரு பட்டறையில் முன்பணம் கொடுத்தேன். பட்டறையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சட்டத்தின் 182ஏ பிரிவில், விதிக்கு ஒவ்வாத வண்டியைச் செய்து விற்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ, வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. என் மடலுக்காக அவர் அபராதம் கட்டக் கூடாது. ஒரு மேஸ்திரி, அவர் மருமகன், லேத்தில் ஒரு பையன். மொத்தம் மூன்று பேர். ராணுவம் ஏலத்தில் கழித்த மாருதி ஜிப்ஸி ஒன்றைப் பிடித்தோம். 1298 சிசி எஞ்சின், ஐந்து கியர், பின்சக்கரம் இழுக்கும் அமைப்பு. செவனுக்கு வேண்டியதெல்லாம் அதிலேயே இருக்கிறது. “எட்டு மாசம் சார்” என்றார் மேஸ்திரி. நான் மனதுக்குள் ஒரு வருஷம் என்று போட்டுக்கொண்டேன்.

நாலே முக்கால் வருஷம் ஆயிற்று.

சட்டகத்தைப் பற்ற வைத்து முடித்த அன்று ராத்திரி பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். முக்காலியில் ஏற்றி வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் நானும் மறுபக்கம் பையனும் பிடித்தோம், தூக்கிவிட்டோம். ஒரு காரின் எலும்புக்கூட்டைக் கிழவன் ஒருவன் தூக்க முடியும் என்பது எனக்கே புதிதாக இருந்தது. அதன்பின் மூக்குப் பகுதிக்குச் செய்த ஃபைபர் அச்சு வெடித்தது. மறுபடி செய்தார்கள். பிறகு கொரோனா. பட்டறை பூட்டிக் கிடந்த மாதங்களில் மேஸ்திரிக்கு நான் பணம் அனுப்பியபோது அவர், “வேலை செய்யாம வாங்க மாட்டேன் சார்” என்று ஒரு தடவை திருப்பி அனுப்பினார். இரண்டாம் தடவை அனுப்பியது திரும்பவில்லை. அவர் நிலைமையை அப்போதுதான் புரிந்துகொண்டேன். செல்போனில் வாரம் ஒரு படம் வரும். ஒரு வாரம் பெடல். ஒரு வாரம் பெட்ரோல் டாங்க். சில மாதங்கள் எதுவும் வராது, நானும் கேட்கமாட்டேன். வீட்டம்மா மட்டும் மாதம் தவறாமல் கேட்பாள்: “ஒங்க தேரு எப்பம் நிலைக்கு வருமாம்?” அந்த இடைவெளியில் எங்கள் மகளுக்குக் கல்யாணமாகிப் பேத்தியும் பிறந்துவிட்டாள்.

காத்திருப்பைப் பற்றி நான் புலம்பவில்லை. ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டுப் பத்து வருஷம் காத்திருந்த தலைமுறை நாங்கள். அந்தக் காத்திருப்பின் கடைசியில் ஒரு ஸ்கூட்டரும் ஒரு நம்பரும் இருந்தன. இங்கே நடந்தது வேறு.

முன்பணம் கொடுத்து நாலு மாதம்கூட ஆகவில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்தது. தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்ற 52ஆம் பிரிவுக்குப் பொருள் அதுவேதான், விலகல் கிடையாது என்று சொல்லிவிட்டது. ஜிப்ஸியின் ஆர்.சி. புத்தகத்திலேயே இந்த வண்டியை எழுதிக்கொள்ளலாம் என்று நானும் மேஸ்திரியும் எண்ணியிருந்தது அன்றோடு போயிற்று. சரியாகச் சொன்னால், அந்தப் பிரிவு 2000ஆம் ஆண்டிலேயே இறுகிவிட்டது. படிக்காமல் பணம் கொடுத்தது என் தப்பு. அப்போதே நிறுத்தியிருக்கலாம். “நிறுத்திறலாமா சார்?” என்று மேஸ்திரியும் கேட்டார். முடியட்டும், அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்றேன். அதே ஆண்டில் நீங்கள் திருத்தம் கொண்டுவந்தீர்கள். வழி பிறக்கவில்லை, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் பிறந்தது. என் வண்டியில் மாற்றங்களை எண்ணத் தொடங்கினால் என் ஓய்வூதியம் தாங்காது.

2023 ஆனியில் வண்டி வந்தது. வந்தது என்றால் ஓடி வரவில்லை. லாரியில் தார்ப்பாய் மூடி, கயிறு கட்டி, படுத்துக்கொண்டு வந்தது. மதுரை, ராஜபாளையம் வழியாக அத்தனை நல்ல ரோட்டையும் இன்னொரு வண்டியின் முதுகில் கடந்தது. தென்காசி கோபுரம் தாண்டி இலஞ்சிக்குத் திரும்பியபோது டீக்கடை அண்ணாச்சி எட்டிப் பார்த்து, “என்னது, படகா?” என்றார். நீளமாய், தாழ்வாய், மூடியிருந்தால் அப்படித்தான் தெரியும்.

உங்களில் பலர் சீசனுக்குக் குற்றாலம் வந்திருப்பீர்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கி, மேலே வெயில் இருக்கும்போதே முகத்தில் பொடியாய் விழும் சாரல் உங்களுக்குத் தெரியும். அந்தச் சாரலில்தான் ஓட்டினேன். கூரை இல்லாத வண்டிக்கு வேறு நாள் பார்த்திருக்கலாம். நாலே முக்கால் வருஷம் பார்த்தது போதும் என்று இருந்தது.

வண்டிக்குள் இறங்குவதற்கே ஒரு முறை இருக்கிறது. இருக்கையில் நின்று, பக்கத்தைப் பிடித்து, காலை உள்ளே நீட்டிச் சறுக்க வேண்டும். பெடல்கள் மூன்றும் ஒரு கைப்பிடி அகலத்துக்குள் இருப்பதால் செருப்போடு மிதித்தால் பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் சேர்ந்து அமுங்கும். செருப்பைக் கழற்றி வைத்தேன். ஏதோ சன்னதிக்குள் போவது மாதிரி என்று பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கால் நுழையவில்லை, அவ்வளவுதான். உட்கார்ந்தால் உட்காருமிடம் தரைக்கு அரை முழம் மேலே. கையைத் தொங்கவிட்டால் மண் படுகிறது. கீழே கிடந்த தென்னை மட்டை கண்மட்டத்தில் ஒரு வேலி மாதிரித் தெரிந்தது.

முதல் கியரில் பத்தடி போய் பிரேக் பிடித்தேன். நின்றது. கூட வந்திருந்த மேஸ்திரி தலையாட்டினார். பிறகு விட்டேன். ஜிப்ஸியில் ஆயிரம் கிலோவை இழுத்துப் பழகிய எஞ்சின் அது. எடைமேடையில் நிறுத்தியபோது இந்த வண்டி 570 கிலோதான். இரண்டாம் கியர் விழுந்ததும் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளியது போலிருந்தது. நாற்பது வருஷமாக எத்தனையோ கார் ஓட்டியிருக்கிறேன். எதிலும் முன்சக்கரம் திரும்புவதைக் கண்ணால் பார்த்ததில்லை. இதில் ஸ்டியரிங்கை ஒரு விரல் அசைத்தால் எதிரே சக்கரமும் அதன் மட்கார்டும் சேர்ந்து அசைவது தெரிகிறது. ஒரு தேங்காய் நெத்துமேல் ஏறினால் எந்தப் பக்கச் சக்கரம் ஏறியது என்று உள்ளங்கை சொல்கிறது. தோப்பின் நடுப்பாதை முந்நூறு அடி நீளம். மூன்றாம் கியரை நினைக்கும்போதே மதில் வந்துவிடும். திரும்பி மறுபடி. பதினோராவது சுற்றில் மடியில் தண்ணீர் தேங்கிவிட்டது. வெளியே ஏறும்போது புகைக்குழாயில் ஆடுசதை பட்டுத் தோல் பொசுங்கியது. செவன் வைத்திருப்பவர்கள் எல்லாரிடமும் அந்தத் தழும்பு இருக்குமாம். எனக்கும் இருக்கிறது.

மதில்மேல் ஏறிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான்: “தாத்தா, ஐந்தருவிக்குப் போவோமா இதுல?”

ஐந்தருவி எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். நான் அவனுக்கு என்ன பதில் சொல்ல? உங்களைத்தான் கேட்கிறேன்.

‘விதி ஏன் இருக்கிறது தெரியுமா?’ என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். தெரியும். 2022இல் மட்டும் இந்த நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். கண்ணைப் பறிக்கும் விளக்கும், காதைக் கிழிக்கும் ஹாரனும், நீட்டிய சட்டகமுமாக ஓடும் வண்டிகளை நான் ஆதரிக்கவில்லை. சீசன் நேரத்தில் சைலன்ஸரைப் பிடுங்கிவிட்டு எங்கள் தெருவில் பறக்கும் பைக்குகளைப் பிடித்து நசுக்கினால் நானே வந்து கைதட்டுவேன். என் வண்டியைச் சோதிக்காதீர்கள் என்று நான் கேட்கவில்லை. சோதியுங்கள் என்று கேட்கிறேன். இன்றைக்கு அதற்குத்தான் வழியில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126ஆம் விதி, தயாரிப்பாளர் தன் மாதிரி வண்டியைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. ஆயிரக்கணக்கில் செய்யப்போகும் நிறுவனத்துக்கான ஏற்பாடு அது. ஒரே ஒரு வண்டி செய்பவனுக்கு மாதிரியும் அதுதான், சரக்கும் அதுதான். மோதிப் பார்க்கக் கொடுத்துவிட்டு நான் எதை ஓட்டுவது?

கையால் கட்டிய வண்டியை நம்ப முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். கரூரில் கூண்டு கட்டிய பேருந்தில் உங்களில் ஒருவராவது ஏறாமல் இருந்திருக்க மாட்டீர்கள். அசோக் லேலண்டிலிருந்து வெறும் சட்டகமாக வரும். முகமும் உடம்பும் கூரையும் கரூரில் கட்டுவது. பற்றவைப்பவரும் தகடு அடிப்பவரும் என் மேஸ்திரியின் சாதிதான். நான் சொல்வது தொழில் சாதி. அந்தத் தொழிலைச் சட்டம் தடை செய்யவில்லை. பேருந்துக் கூண்டுக்கென்று தனித் தரவிதி எழுதி, அதன்படி கட்டுங்கள் என்றது. ஐம்பது பேர் ஏறும் கூண்டுக்கு விதி எழுத முடிந்த கைக்கு, இரண்டு பேர் உட்காரும் வண்டிக்கு எழுத முடியாதா?

நீங்களே இன்னொரு வாசலும் திறந்திருக்கிறீர்கள். 2021இல் பழங்கால வண்டிகளுக்கென்று விதி வந்தது. ஐம்பது வயது கடந்து, மூல உருவம் மாறாமல் இருந்தால் ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனி நம்பர். கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம், அன்றாடப் பயன்பாட்டுக்குக் கூடாது. நல்ல விதி. விருப்பத்துக்காக வைத்திருக்கும் வண்டிக்குத் தனி வகை, தனிக் கட்டுப்பாடு என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டதற்கு அதுவே சாட்சி. என் வண்டியின் குறை, அது ஐம்பது வருஷம் முன்பு பிறக்காததுதான்.

வெளியே பார்த்தால், பிரிட்டனில் 1998இலிருந்தே ஒற்றை வண்டிக்கென்று தனிச் சோதனை இருக்கிறது; 2009 முதல் அதைத் தனி வாகன ஒப்புதல் என்கிறார்கள். ஓர் அதிகாரி ஒரு வண்டியை நிறுத்தி வைத்து பிரேக், விளக்கு, பெல்ட் பிடிமானம், சத்தம், புகை எல்லாம் பார்க்கிறார். ஒரு போல்ட்டின் முனை கூர்மையாகத் துருத்தினால்கூடத் திருப்பி அனுப்பிவிடுவார். அமெரிக்காவில் 2015இல் சட்டம் போட்டார்கள்: 25 வருஷத்துக்கு முந்தைய கார்களின் நகல்களைச் சிறு நிறுவனங்கள் ஆண்டுக்கு 325 வரை செய்து விற்கலாம். சட்டம் வந்தும் அதற்கான விதி 2022இல்தான் வந்தது. அங்கேயும் ஏழு வருஷம் காத்துக் கிடந்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நம் மாநிலத்துக்கு இது பழைய காயம். 1952இல் ஜி.டி. நாயுடு இரண்டு பேர் போகும் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய். அரசு உரிமம் தரவில்லை, அதோடு நின்றது. அதே கோயம்புத்தூரில் எண்பதுகளின் இறுதியில் எஸ். கரிவரதன், மாருதி 800இன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். பந்தயத் தடத்துக்குள் ஓடுவது என்பதால் ஆர்.டி.ஓ. குறுக்கே வரவில்லை. அந்தக் காரில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். விமான விபத்தில் 1995லேயே போய்விட்ட கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. நாயுடுவையும் கரிவரதனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊர் அதே ஊர், பட்டறைக் கையும் அதே கை. ஒருவருக்கு அனுமதி தேவைப்பட்டது, மற்றவருக்குத் தேவைப்படவில்லை.

என் மேஸ்திரியின் மருமகன் இப்போது பட்டறையில் இல்லை. கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். ‘வித்தா கேஸ் வரும்னா எதுக்கு மாமா செய்யணும்’ என்று கேட்டானாம். குழாய் வளைவில் அவன் போடும் பற்று, தேய்க்காமலே வழவழப்பாக இருக்கும். அதை நான் விரலால் தொட்டிருக்கிறேன். இந்த மடலில் எனக்கு வண்டிக்காக வந்த கோபத்தைவிட அவனுக்காக வந்தது அதிகம்.

நான் கேட்பது இதுதான். தனியாள் கட்டும் வண்டிக்கென்று ஒரு வகையைச் சட்டத்தில் சேர்க்கச் செய்யுங்கள். ஒரு பட்டறை ஆண்டுக்கு இத்தனை வண்டிதான் என்று உச்சவரம்பு வையுங்கள். பத்து என்றாலும் சம்மதம். சோதனைக்கு ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. லாரியில் ஏற்றிக்கொண்டு நாங்களே வருகிறோம், கட்டணமும் கட்டுகிறோம். வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் கம்பி கட்டாயம் என்றால் போடுகிறோம். புகை அளவை எஞ்சினின் வயதுக்கு ஏற்பவா, இன்றைய அளவிலா என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். இன்றைய அளவுதான் என்றால் எஞ்சினை மாற்றிக்கொள்கிறேன். பேட்டரிக்கு மாறு என்றாலும் யோசிக்கிறேன். அதை உங்கள் 52ஆம் பிரிவே அனுமதிக்கிறது, உடம்பை மாற்றுவதைத்தான் அனுமதிக்கவில்லை. ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர், இரவில் கூடாது, நெடுஞ்சாலையில் கூடாது என்று எத்தனை ‘கூடாது’ போட்டாலும் சரி. நம்பர் இருந்தால்தான் மூன்றாம் நபர் காப்பீடு கிடைக்கும். நான் யாரையாவது இடித்துவிட்டால் அவருக்கு நஷ்டஈடு கிடைக்க அதுதான் வழி.

மோட்டார் வண்டி பொதுப்பட்டியலில் உள்ள விஷயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் 52ஆம் பிரிவும் 126ஆம் விதியும் டெல்லியில் எழுதியவை; அங்கே எழுந்து நின்று கேட்க எங்களுக்கு உங்களை விட்டால் ஆளில்லை. வரும் கூட்டத்தொடரில் ஒரு கேள்வி போதும்: ஒற்றை வண்டி ஒப்புதலுக்கு அரசிடம் திட்டம் உண்டா, இல்லையென்றால் ஏன் இல்லை? பதில் சரியில்லை என்றால், தனிநபர் மசோதா. அதெல்லாம் நிறைவேறுமா என்று தட்டிக்கழிக்காதீர்கள். 2015இல் திருநர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியது. அதனோடு என் வண்டியை ஒப்பிட எனக்கு வெட்கம்தான். ஆனாலும் அந்த வழியில் நடந்து காட்டியவர் தமிழ்நாட்டு உறுப்பினர்.

சீசனுக்கு வந்தால் இலஞ்சிக்கும் வாருங்கள். குமாரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, சிற்றாற்றுப் பக்கம் கேட்டால் ‘படகு வண்டி’ வீடு என்று காட்டுவார்கள். இருக்கையில் உட்கார வைக்கிறேன். செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும்.

எஞ்சின் இறுகிப் போகாமல் இருக்க வாரம் ஒருமுறை ஓட்டியாக வேண்டும் என்கிறார் மேஸ்திரி. சனிக்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கு ஓட்டுகிறேன். நடவடிக்கை எடுப்பதென்றால் அந்த நேரத்துக்கு ஆள் அனுப்புங்கள்; முகவரி, உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிய பிரதியில் இருக்கிறது.

இப்படிக்கு,
தென்காசித் தொகுதி வாக்காளர் ஒருவர்,
இலஞ்சி.